கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய கேஸ்கட்

நான் கைவைப்பதற்கு முன்னால் அந்தக் கார்பரேட்டர் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. நான் சரிசெய்த பிறகுதான் ஊற்ற ஆரம்பித்தது. எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையை யார் சொன்னாலும், "சுப்பராயலு ஸ்க்ரூ டிரைவர கையில எடுத்தான்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் மட்டும் வேறு எங்கே ஆரம்பிக்க முடியும்?

வண்டி என் அக்கா புருஷன் தேவநாதனுடையது. பழைய பியட். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவருடைய அச்சகத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை துடைத்து, மைதானத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடியும் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். என் அக்கா புஷ்பவள்ளி கல்யாணமாகி அதில்தான் வந்தாள். அவள் மகள் இலக்கியா பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து அதில்தான் வந்தாள். இப்போது இலக்கியாவுக்கு ஒன்பதாம் மாதம். சிதம்பரத்தில் மாமியார் வீட்டில் வளைகாப்பு முடித்து, பிரசவத்துக்குக் கடலூர் அழைத்துவர வேண்டும். மாப்பிள்ளை துபாயில். "எங்க வூட்டுப் பொண்ணு எங்க வண்டியிலதான் வரும்" என்று மாமா சொல்லிவிட்டார். புயலில் கொட்டகையின் பாதித் தகரம் பறந்தபோதுகூட அந்த வண்டிமேல் ஒரு கீறல் விழவில்லை என்பது அவருக்குப் பெருமை.

போன வருஷம் இலக்கியாவுக்கு ஒன்று ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. அதற்கப்புறம் அந்த வீட்டில் 'குழந்தை' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். "எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்பார்கள். "இருக்கு" என்று பதில் வரும். எது இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கக் கூடாது. வாயால் கேட்டாலே கண் பட்டுவிடும் என்பது அக்காவின் கட்சி. நானோ இன்சூரன்ஸ் ஏஜென்ட். அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த காபியையே குடித்துக்கொண்டு, "நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா என்னா பண்ணுவாங்க?" என்று நேருக்கு நேர் கேட்டுப் பிழைக்கிறவன். ஊர் முழுக்கப் பயத்தை விற்கிற எனக்கு அக்கா வீட்டில் மட்டும் வாய்ப்பூட்டு.

அன்று காலையில் மாமா குளிக்கப் போயிருந்தார். நான் பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். யாரும் தூக்கச் சொல்லவில்லை. கார்பரேட்டரின் மூடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஈரம் கசிந்திருந்தது. அந்த இடுக்கை அடைக்கிற கேஸ்கட் போயிருக்கும் என்று எனக்கே தெரிந்தது. எனக்கே தெரிந்த விஷயங்களில்தான் எனக்கு எப்போதும் ஆபத்து.

மூடியைக் கழற்றினேன். கேஸ்கட் பொடிப்பொடியாக வந்தது. பக்கத்திலேயே அச்சகம். கட்டுக்கட்டாகக் கல்யாணப் பத்திரிகை அட்டை. நல்ல கெட்டி அட்டையாக ஒன்றை எடுத்து, மூடியை அதன்மேல் வைத்து வரைந்து, பிளேடால் வெட்டினேன். அசல் கம்பெனி கேஸ்கட் தோற்றுப்போகும் அழகு. அதோடு விட்டிருக்கலாம். மூடியின் அடியில் ஊசி வால்வு ஒன்று உண்டு. மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரிதான்: கிண்ணம் நிரம்பினால் மிதவை எழும்பி ஊசியைத் தள்ளும், பெட்ரோல் வருகிற வழி அடைபடும். அந்த வால்வையும் கழற்றி வாயால் ஊதி, துடைத்து, பழையபடி முடுக்கினேன். அச்சகத்தில் காலண்டருக்கு ஓட்டை போட்ட அட்டைத் துண்டுகள் தரையெல்லாம் வட்டம் வட்டமாகக் கிடந்தன. என் மடியில்கூட ஒன்று ஒட்டியிருந்தது. சுண்டிவிட்டேன்.

மாமா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"என்னா மச்சான் பண்ற?"

"லீக்கு இருந்துது மாமா. சரி பண்ணிட்டேன்."

"நெசமாவா?"

"நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. மாமா என் தோளில் தட்டினார். அந்தத் தட்டு எனக்கு இன்னும் வலிக்கிறது.

அக்காவும் மாமாவும் நானும் சிதம்பரம் போய்ச் சேரும்வரை ஒரு குறையும் இல்லை. லேசாகப் பெட்ரோல் வாடை வந்தது. என் கையிலிருந்து வருகிறது என்று சொன்னேன், உண்மையில் கையிலும் அடித்தது. சம்பந்தி மங்கலம் அம்மாள் வீடு மேலவீதிக்குப் பின்னால் இருக்கிறது. கூடத்தில் இலக்கியாவைப் பட்டுப்பாயில் உட்காரவைத்திருந்தார்கள். வைகாசி வெயில், அதில் கரண்டு வேறு இல்லை. பெண்கள் விசிறிக்கொண்டே வந்து வளையல் போட்டார்கள். தாய்மாமன் என்று என்னை முதலில் கூப்பிட்டார்கள். சந்தனத்தைத் தொட்டு அவள் கன்னத்தில் வைத்தேன்.

"மாமா, கையில பெட்ரோல் நாத்தம் அடிக்குது" என்றாள் அவள் மெதுவாக.

"சந்தனம் காஸ்ட்லிம்மா. அப்பிடித்தான் அடிக்கும்."

அவள் சிரித்தாள். நானும் சந்தோஷமாகப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் கொத்சு. கொத்சை இரண்டாம் தடவையாக இலையில் ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் மாமா வண்டியைக் கிளப்புகிற சத்தம் கேட்டது. ராகு காலத்துக்கு முன்னால் புறப்பட வேண்டுமாம்.

கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்தேன். இலக்கியா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். வண்டியின் மூக்குக்கு நேர்கீழே சிமெண்டுத் தரையில் ஒரு ஈரம். அது வானவில் நிறத்தில் மினுங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் இன்னொரு சொட்டு விழுந்தது, உடனே இன்னொன்று.

"இருங்க சம்மந்தி, வண்டிக்கு சுத்திப் போட்டுட்டுத்தான் கெளம்பணும்" என்று மங்கலம் அம்மாள் படியிறங்கி வந்தார். கையில் பூசணிக்காய். அதன் தலையில் ஒரு கை நிறையக் கற்பூரம். நெருப்பு ஏற்கெனவே வைத்தாகிவிட்டது.

கத்தலாம். 'பெட்ரோல் ஊத்துது, எல்லாரும் எறங்குங்க' என்று கத்தலாம். முதல் தடவையே பறிகொடுத்த பெண், ஒன்பதாம் மாதம், அலறி அடித்துக்கொண்டு இறங்கும்போது கால் தடுக்கினால்? மங்கலம் அம்மாள் வண்டியின் முன்பக்கம் வந்துவிட்டார். பூசணிக்காயை பம்பருக்கு நேராகத் தாழ்த்தினார்.

நான் பாய்ந்துபோய்ப் பூசணிக்காயைப் பிடித்தேன்.

"குடுங்க சம்மந்தியம்மா. எங்க பக்கம் தாய்மாமன்தான் சுத்துவாரு."

"எந்தப் பக்கம் தம்பி? நாங்களும் உங்க ஊரு திருவதிகைக்காரங்கதான்."

"எங்க தெருப் பக்கம்."

"உங்க தெருவுல என் சித்தி வூடு இருக்கு. அப்பிடி ஒண்ணும் கெடையாது. வுடுங்க."

"வுடமாட்டேன்."

ஒரு பூசணிக்காயை இரண்டு சம்பந்திகள் இழுத்துக்கொண்டு நிற்பதைத் தெருவே பார்த்தது. எரிகிற கற்பூரத்தில் ஒரு கட்டி சரிந்து என் மணிக்கட்டில் விழுந்தது. அது தரையில் விழாமல் என்மேல் விழுந்ததே என்று அந்த வலியிலும் நன்றி சொன்னேன். ஒரே வெடுக்கில் பிடுங்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். அங்கே நின்று, வண்டி இருக்கும் திசையைப் பார்த்து மூன்று சுற்று சுற்றி, சாக்கடை ஓரமாகப் போட்டு உடைத்து, செருப்புக் காலால் நெருப்பை மிதித்து அணைத்தேன். கற்பூரத்தை யாராவது மிதிப்பார்களா? ஒரு பெரியவர் நின்று பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது மங்கலம் அம்மாள் முகம் பேயறைந்தமாதிரி இருந்தது.

"என்னா மச்சான், தேர் ஓட்டமா?" என்றார் மாமா.

அவர் காதருகே குனிந்தேன். "மாமா, பெட்ரோல் சொட்டுது."

"காலையிலதான சரி பண்ணேன்ன?"

"ஆமா."

"அப்ப ஏறு."

என் வாயாலேயே நான் கொடுத்த சர்டிபிகேட்டை நானே எப்படிக் கிழிப்பது? ஏறினேன்.

ஊரைத் தாண்டுவதற்குள் கண்ணாடிகளையெல்லாம் இறக்கச் சொன்னேன். காத்துக்கு என்று சொன்னேன். என் கண்கள் பானெட்டின் இடுக்கைவிட்டு நகரவில்லை. புகை வருகிறதா, புழுதியா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். பின்சீட்டில் இலக்கியா அசையும்போதெல்லாம் வளையல் சத்தம் கேட்டது. அது கேட்கிறவரைக்கும் எனக்கு ஒரு தைரியம் இருந்தது.

"எல்லாம் நல்லா இருக்காம்மா?" என்று திரும்பிக் கேட்டேன்.

"இருக்கு மாமா."

முட்லூர்ப் பாலத்தில் ஏறும்போது வண்டி இருமியது. ஒரு தடவை இருமி, பிடித்து, நடுப்பாலத்தில் மறுபடியும் இருமி, நின்றுவிடுவதுபோல் துடித்தது. பின்னால் ஒரு லாரி, ஹாரன் அடித்தபடியே முட்டுவதுபோல் வந்தது. கீழே வெள்ளாறு தண்ணீரில்லாமல் மணலாகக் கிடந்தது. மாமா ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, வாடை மூக்கில் ஏறிக் கண்ணைக் கரித்தது. மிதிக்காமல் விட்டால் பாலத்தின் நடுவில் நிற்போம். மிதித்தால் இன்னும் பெட்ரோல் கொட்டும். இலக்கியா ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "முருகா, முருகா" என்றாள்.

பாலம் தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். இலக்கியா வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. கை அசையவில்லை. வளையல் சத்தம் இல்லை.

"எல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ முன்னால பாருடா" என்றாள் அக்கா.

புதுச்சத்திரத்துக்கு முன்னாலேயே வண்டி நின்றுபோனது. உருண்ட வேகத்திலேயே ஒரு கொட்டகை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார் மாமா. புயலில் பாதி முறிந்த பூவரசு, அதனடியில் இரண்டு டீசல் எஞ்சின்கள். எதிர்ப்புறம் ஒரு பெண் நுங்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் முதலில் இறங்கிப் பின்கதவைத் திறந்து இலக்கியாவை இறக்கி, சாலையைத் தாண்டி நுங்குக்காரி பக்கத்தில் உட்காரவைத்தேன். வண்டியிலிருந்து எவ்வளவு தூரத்தில் உட்காரவைக்க முடியுமோ அவ்வளவு தூரம்.

"திரும்பச் சிதம்பரத்துக்கே போயிடலாம் மாமா. ஆட்டோ புடிச்சிக்கலாம்" என்றேன்.

அக்கா சீறினாள். "வளையல் போட்டுக் கெளம்பிட்டா பெத்துக்கினுதான் அந்த வாசப்படிய மிதிக்கணும். ஒனக்குத் தெரியாதா?"

"அப்ப பஸ்ஸுல ஏத்திக் கடலூருக்கு..."

"கையில வளையலோட பஸ்ஸுல நிக்க வெச்சிக் கூட்டினு போவியா? சம்மந்தி காதுல வுழுந்தா என்னா ஆவும்? ஏற்கெனவே நீ பூசணிக்காயப் புடுங்கினு ஓடின."

கொட்டகைக்காரர் பெயர் காத்தவராயன். போர்செட் எஞ்சின் மெக்கானிக். வாயில் பீடி. அதைப் பார்த்ததும் நான் போட்ட கூச்சலில் அவரே பயந்துபோய் பீடியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் எறிந்தார்.

"பெட்ரோல் வண்டியா? ரோஷக்கார வண்டி சார் இது. நான் பாக்காத வண்டியா. எங்க தொறங்க." பானெட்டைத் திறந்தவர் ஒரு அடி பின்னால் போனார். "ஐயய்ய. எஞ்சினு குளிச்சிருக்குது. இதோடயா ஓட்டினு வந்தீங்க?"

"பத்திக்குமா?" என்றேன்.

"பாக்கலாம் சார்."

துணி துவைக்கிற சோப்பு ஒரு கட்டி கொண்டுவந்து கார்பரேட்டரின் விளிம்பெல்லாம் பூசினார். "இனிமே ஒரு சொட்டு வந்தா என் பேர மாத்திக்கிறேன்" என்றார். கொஞ்சம் ஆறவிட்டு, மாமாவை வண்டியைக் கிளப்பச் சொன்னார். பெட்ரோல் சோப்போடு சேர்ந்து நுரையாக ஊற்றியது.

"பேர என்னான்னு மாத்திக்கப் போறீங்க?" என்றார் மாமா.

"மெதவ ஓட்டையா இருக்கும்." காத்தவராயன் மூடியைக் கழற்றினார். கேஸ்கட்டை உரித்துத் தூக்கிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "சார், இதுல என்னாவோ போட்டிருக்குது. 'தங்கள் நல்வரவை விரும்பும்'. யார் வூட்டுக் கல்யாணம்?"

மாமா வாங்கிப் பார்த்தார். தன் அச்சகத்து எழுத்து அவருக்குத் தெரியாதா?

"மச்சான்."

"மாமா."

"ராஜமாணிக்கம் வூட்டு பத்திரிகையில ஒண்ணு கொறையுதுன்னு காலையில தேடினேன்."

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு இலக்கியா பக்கம் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

காத்தவராயன் பித்தளை மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே பெட்ரோல் போயிருந்தால் சளசளக்கும். ஒன்றும் கேட்கவில்லை. எதிரே திரும்பிப் பார்த்தேன். இலக்கியா அதே இடத்தில், வயிற்றில் கையோடு. நுங்குக்காரி அவளிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

"கேஸ்கட்டு மேல தப்பில்ல சார். நல்லாத்தான் வெட்டியிருக்கீங்க. பெட்ரோலு நிக்காம வருதே, அது எங்கேருந்து?" காத்தவராயன் மூடியைத் தலைகீழாகப் பிடித்து, ஊசியை விரலால் அழுத்திக்கொண்டு, பெட்ரோல் வரும் குழாயில் வாய்வைத்து ஊதினார். ஊசி அடைத்திருந்தும் வால்வைச் சுற்றி ஈரம் குமிழியிட்டது. "ஊசியில வரல, மரையில வருது. இந்த வால்வுக்கு அடியில எதுனா இருந்துதா?"

"ஒண்ணும் இல்ல. கழட்டுனேன், ஊதுனேன், மாட்டுனேன்" என்றேன்.

சொல்லும்போதே என் விரல் காற்றில் எதையோ சுண்டியது. காலையில் மடியில் ஒட்டியிருந்த வட்டம். அட்டைத் துண்டுகள் எல்லாம் வெள்ளை. அது பழுப்பு. அதுவுமில்லாமல் அது துண்டு அல்ல, நடுவில் ஓட்டை போட்ட வளையம்.

"ஒரு வளையம் இருந்துது" என்றேன். "பழுப்பா. காயிதம் மாதிரி. பிரஸ்ஸுத் துண்டுன்னு நெனச்சித் தூக்கிப் போட்டுட்டேன்."

"அதான் வாசரு."

மாமா பூவரசு மரத்தடியில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் என்னைத் திட்டாமல் உட்கார்ந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். கற்பூரம் அந்த ஈரத்தில் விழுந்தது, பாலத்தின் நடுவில் பானெட்டிலிருந்து நெருப்பு எழுந்தது, பின்கதவு சிக்கிக்கொண்டது. நடக்காததையெல்லாம் வரிசையாகப் பார்த்தேன். ஊராரிடம் எத்தனை வீட்டில் எத்தனை தடவை, "யோசிச்சிப் பாருங்க சார்" என்று சொல்லியிருப்பேன். யோசித்துப் பார்ப்பது இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

காத்தவராயன் ஒரு டப்பாவைத் தரையில் கவிழ்த்து, டீசல் எஞ்சினுக்குப் போடுகிற வாசர் ஒன்றைப் பொறுக்கினார். சுற்றளவு பெரிது. அங்கேயும் கரண்டு இல்லாததால் சாணைக்கல்லில் பிடிக்க முடியவில்லை, அரத்தால் தேய்த்தார். நான் பக்கத்தில் நின்று, எதையும் தொடாமல், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன். மாட்டி, மூடி, துடைத்து, வண்டியைக் கிளப்பினார்கள். எல்லோரும் குனிந்து பார்த்தோம். சொட்டவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தோம். சொட்டவில்லை.

"இது தடிமன் ஜாஸ்தி. பெட்ரோலு கம்மியாத்தான் ஏறும். மேட்டுல இழுக்காது. ஆனா ஊத்தாது" என்றார்.

"கண்டிப்பா ஊத்தாதே?"

"ஊத்தாதுன்னு நெனைக்கிறேன்."

"கடலூர் வரைக்கும் பயமில்லாமப் போலாமா?"

"பத்திக்கணும்னு இருந்தா நின்ன எடத்துலயும் பத்திக்கும் சார். போங்க, சாமி இருக்குது."

நான் மாமாவைப் பார்த்தேன். "என்னா மாமா, போலாமா?"

"உன் அக்காவக் கேளு."

அக்காவைக் கேட்டேன்.

"உங்க மாமாதான் சொல்லணும்."

அந்தி வெயில் சாய்ந்து சாலை முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. வண்டி சாதுவாக உறுமிக்கொண்டு நின்றது. மாமா முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார், ஏறவில்லை. அக்கா பையைக் கையில் எடுத்துக்கொண்டாள், அவளும் நகரவில்லை. ஏறச் சொல்கிறவராக ஒருவரும் இருக்க விரும்பவில்லை.

நான் சாலையைத் தாண்டிப் போனேன். இலக்கியாவின் முன்னால் நாலைந்து காலி நுங்கு மட்டைகள். இன்னொன்றில் கட்டைவிரலை விட்டு நோண்டிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சந்தனம் வியர்வையில் வழிந்து காய்ந்திருந்தது. நான் அவள் எதிரே மண்ணில் உட்கார்ந்தேன். 'எல்லாம் நல்லா இருக்கா' என்ற சொல் வழக்கம்போல் வாய்வரை வந்தது. அதை விழுங்கினேன். அக்கா பின்னாலிருந்து, "டேய், டேய்" என்று ஓடி வருவது கேட்டது.

"இலக்கியா, கொழந்த அசையுதா, இல்லியா?"

அக்கா நின்றுவிட்டாள். நுங்குக்காரி அரிவாளைக் கீழே வைத்தாள். இலக்கியா என்னை நன்றாக ஒரு தடவை பார்த்தாள். வயிற்றின்மேல் கிடந்த அவள் இன்னொரு கை அசையவில்லை. ஆனால் அதிலிருந்த வளையல்கள் தாமாக ஒருமுறை சிலிர்த்துக் குலுங்கின.

"அசையுது மாமா" என்றாள். "வண்டியில ஏறினதுலேருந்து அசையல. பாலத்துல நான் செத்தே போயிட்டேன், யாருகிட்டயும் சொல்லல. நுங்கு உள்ள போனதுக்கப்புறம் ஒதைக்குது, இதோ இப்பகூட. வண்டி சரியாயிடுச்சா இல்லியான்னு எனக்குத் தெரியாது. எனக்குப் பயமா இருக்கு. நான் அதுல ஏற மாட்டேன். நீங்க போயி பஸ்ஸ நிறுத்துங்க."